நிறக்கலப்புச் சார்புக்கு ஆவணம் எழுதும்போது எவற்றை விட்டுவிடக் கூடாது?

திறமூல மென்பொருளில் புதிதாகச் சேரும் நிறக்கலப்புச் சார்பின் (நிறங்களைக் கலந்து தரும் function) ஆவணத்தில் எவை கட்டாயம் இடம்பெற வேண்டும் என்ற கேள்விக்கு, இணையப் பக்கங்களின் தோற்றத்தை எழுத உதவும் சாஸ் (Sass) மொழியின் மிக்ஸ் (mix) சார்பைக் கொண்டு விடை சொல்கிறேன்.

அச்சார்பு இரண்டு நிறங்களையும் ஒரு விகிதத்தையும் பெறுகிறது. விகிதம் முதல் நிறத்தின் பங்கையே குறிக்கிறது என்பதையும், அதைத் தராவிட்டால் 50% எனக் கொள்ளப்படும் என்பதையும் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். இல்லையெனில், சிவப்பையும் வெள்ளையையும் 25% என்று கொடுத்தவர், அடர்சிவப்பை எதிர்பார்த்து வெளிர்சிவப்பைப் பெறுவார்.

இதைவிட முக்கியமானது, கலப்பு எந்த நிறவெளியில், அதாவது நிறங்களை எண்களாகக் குறிக்கும் எந்த முறையில், நிகழ்கிறது என்பது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை வரும் என்று வண்ணக்குழம்பில் பழகிய நாம் நம்புகிறோம். ஆனால் வழக்கமான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) கணக்கில் ஒவ்வொரு கூறுக்கும் சராசரி எடுக்கப்படுவதால், தூய நீலமும் தூய மஞ்சளும் சமமாகக் கலந்தால் சாம்பல் நிறமே கிடைக்கும். சாஸ் மொழியின் முதன்மைச் செயலாக்கமான டார்ட் சாஸின் 1.79.0 பதிப்பு முதல் நிறவெளியைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், ஒரே இணை நிறங்களை இரண்டு வெளிகளில் கலந்து, விளைவுகளை நிறக்கட்டங்களாக அருகருகே காட்டுவது எத்தனை பத்தி விளக்கத்தையும் விடப் பயன் தரும்.

ஒளிபுகும் நிறங்களின் நடத்தைக்கும் ஒரு வரி தேவை: நிறவெளியைத் தேர்ந்தெடுக்காதபோது நடக்கும் பழைய ஆர்ஜிபி கணக்கில், ஒளிபுகாமை மிகுந்த நிறத்துக்கே கூடுதல் எடை கிடைக்கிறது. எடுத்துக்காட்டுகளின் விளைவுகளைக் கையால் எழுதாமல், நிரலை இயக்கிப் பெற்றே பதியுங்கள்.