சாஸ்தா கோவில் புளியமரத்தடியில் காருக்குச் சார்ஜ்: எக்ஸ்டென்ஷன் வயர் தாங்குமா?

கேள்வி: பங்குனி உத்திரத்துக்கு மதுரையிலிருந்து களக்காடு பக்கம் உள்ள எங்கள் சாஸ்தா கோவிலுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். புது எலக்ட்ரிக் கார், 30 யூனிட் பேட்டரி. ஒரு சார்ஜில் 200 கிலோமீட்டர் ஓடும். இரண்டு ராத்திரி கோவில் பந்தலிலேயே தங்கல். மடப்பள்ளிச் சுவரில் ஒரு பவர் பிளக் இருக்கிறது. கார் நிற்கும் புளியமரத்தடி அதிலிருந்து 30 மீட்டர். மைக் செட்காரர் வயர் தருகிறேன் என்கிறார். காரோடு வந்த சார்ஜரை அந்த வயரில் மாட்டி ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடலாமா?

பதில்: மைக் செட்காரர் வயரில் கூடவே கூடாது. நல்ல வயராக இருந்தால் போடலாம். ஆனால் அதற்கு முன்னால் உங்களுக்கு அந்த சார்ஜ் தேவையா என்று பார்த்துவிடுவோம்.

மதுரையிலிருந்து திருநெல்வேலி சுமார் 155 கிலோமீட்டர். அங்கிருந்து நாங்குநேரி வழியாகக் களக்காடு இன்னொரு 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. போட்டு, ஐந்து பேரும் பொங்கப்பானையும் சாமான்களுமாக நாற்கரச் சாலையில் வந்தால் நெல்லை வந்து சேரும்போது பேட்டரி கால்வாசிக்குக் கீழே இறங்கியிருக்கும். பெரும்பாலானவர்கள் ‘கோவிலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அப்படியே தெற்கே திரும்பிவிடுகிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நெல்லையில் வேக சார்ஜர் ஒன்றில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் நிறுத்தினால் 80 சதவீதம் ஏறிவிடும். பிள்ளைகள் டிபன் சாப்பிட்டு முடிக்கும் நேரம்தான். களக்காடு போய்த் திரும்பி நெல்லை வர 90 கிலோமீட்டர். அதற்கு 45 சதவீதம் போதும். ஆக, கோவிலில் சார்ஜே போடாமல் 35 சதவீதம் மிச்சத்தோடு நெல்லைக்குத் திரும்பி, மறுபடி ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகலாம். சார்ஜர் வேலை செய்கிறதா என்று மட்டும் கிளம்பும்போதே ஆப்பில் பார்த்துவிடுங்கள். உத்திரத்தன்று பாதி ஜில்லா ரோட்டில்தான் இருக்கும். அன்றைக்குப் போய் நிற்காமல் முந்தின நாளே வருவது நல்லது.

இவ்வளவு சொல்லியும் ‘இல்லை, கோவிலில் போட்டாக வேண்டும்’ என்ற நிலை வரும் என்பது எனக்குத் தெரியும். யாரையாவது நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டிவரலாம், வேக சார்ஜர் பழுதாகிக் கிடக்கலாம். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

மைக் செட்காரரிடம் பேசினால் ஒரே பதில்தான் வரும்: “ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி, நாலு வருசமா இதே வயர்லதான் கிரைண்டர் ஓடுதுல்லா.” அவர் பொய் சொல்லவில்லை. வாடகை கிரைண்டரின் மோட்டார் ஒரு குதிரைசக்தி. இழுப்பது ஐந்து ஆம்பியர் சுற்றி. அதுவும் மாவு ஆட்டும் நேரம் மட்டும். காரோடு வரும் 3.3 கிலோவாட் சார்ஜர் இழுப்பது 14, 15 ஆம்பியர். அதை எட்டு மணி நேரம், ஒரு நிமிஷம்கூட ஓய்வில்லாமல் இழுக்கும். நம் வீடுகளில் இப்படி ஓடும் சாமான் வேறு எதுவும் கிடையாது. கீசர் கால் மணியில் தானாக நின்றுவிடும். அயர்ன் பாக்ஸ் விட்டு விட்டு எரியும். அந்த இடைவெளியில் பிளக்கும் வயரும் ஆறிவிடுகின்றன. ‘இத்தனை வருஷமாக நன்றாக இருக்கும் பிளக்’ என்று நாம் சொல்கிற எதுவும் உண்மையில் எட்டு மணி நேரச் சோதனையைப் பார்த்ததே இல்லை. பிரச்சினை ஆம்பியரில் பாதி, நேரத்தில் பாதி.

ஒரு குற்றாலம் சீசனில் என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தங்கிய லாட்ஜில் மாடி பாத்ரூமின் கீசர் பிளக்கிலிருந்து 30 மீட்டர் ரீல் ஒன்றை இழுத்துக் காருக்குச் சார்ஜ் போட்டிருக்கிறார். சாரல் விழுந்துகொண்டிருந்ததால், தேவையான பத்துப் பன்னிரண்டு மீட்டரை மட்டும் உருவிவிட்டு, மிச்சம் சுற்றியிருந்த ரீலை நனையாமல் மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு மீன் பொரிக்கிற வாடை. வாட்ச்மேன் ஏதோ ரூமில் சமைக்கிறார்கள் என்று நினைத்துக் கதவு கதவாகத் தட்டப் போயிருக்கிறார். சூடேறிய பிளக்கும் சுவிட்சும் கருகும்போது பெரும்பாலும் மீன் வாடைதான் அடிக்கும். சமைக்காத இடத்தில் அந்த வாடை வந்தால் முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். மறுநாள் அந்த ரீலை நான் அறுத்துப் பார்த்தேன். மேல் சுற்று புதுசு மாதிரி இருந்தது. மூன்றாவது சுற்றிலிருந்து உள்ளே சிவப்பும் கறுப்பும் பச்சையும் ஒன்றாக உருகி ஒரே கட்டி. கம்பியும் கம்பியும் தொட்டுக்கொள்ள நூலளவுதான் பாக்கி. எம்.சி.பி., அதாவது லோடு மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச், விழவில்லையே என்று மச்சானுக்கு ஒரே கோபம். அதைக் குறை சொல்ல முடியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் கணக்கில் 14 ஆம்பியர் குற்றமே இல்லை.

உள்ளே நடந்தது இதுதான். கடையில் மலிவாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் வயரில் கம்பியின் பருமன் பெரும்பாலும் ஒரு ஸ்கொயர் எம்.எம். அல்லது அதற்கும் குறைவு. அதில் 30 மீட்டர் என்றால், மின்சாரம் போக 30, திரும்பி வர 30. அந்த 60 மீட்டர் தாமிரத்தின் தடை ஒரு ஓமுக்குச் சற்று மேல். 14 ஆம்பியர் ஓடும்போது வயரிலேயே 16 வோல்ட் காணாமல் போகும். 230 வாட் சூடாக மாறும். தரையில் நீட்டிக் கிடந்தால் அந்தச் சூடு காற்றில் பிரிந்துபோகும், வயர் இளஞ்சூடாக இருக்கும். ரீலில் சுற்றியிருந்தால், 60 வாட் குண்டு பல்பு நாலை எரியவிட்டு ஒரு குடத்துக்குள் போட்டு மூடியது மாதிரி. அதே 30 மீட்டரை ரெண்டரை ஸ்கொயரில் எடுத்தால் இழப்பு 7 வோல்ட்டுக்குள் அடங்கும், சூடு 95 வாட்டுக்குக் கீழே இறங்கும். நாலு ஸ்கொயரில் அது 60 வாட்கூட இல்லை. ஆகவே கடையில் “ரெண்டரை ஸ்கொயர், மூணு கோர், தாமிரம், ஐ.எஸ்.ஐ.” என்று கேட்டு வாங்குங்கள். மூணு கோர் என்றால் உள்ளே மூன்று கம்பி. நாலு ஸ்கொயர் என்றால் இன்னும் நிம்மதி. தூக்கத்தான் கனமாக இருக்கும்.

மைக் செட்காரர் வயரை நான் முதல் வரியிலேயே ஒதுக்கியதற்குக் காரணம் பருமன் மட்டும் இல்லை. அது பெரும்பாலும் ரெண்டு கம்பி. குழல் விளக்குக்கும் சீரியல் செட்டுக்கும் அது போதும். காருக்கு மூன்றாவது கம்பி, அதாவது எர்த், இல்லாமல் முடியாது. அப்புறம் அந்த வயரில் பத்தடிக்கு ஒரு ஒட்டு இருக்கும்: முறுக்கி, மேலே டேப் சுற்றிய ஒட்டு. ஒரு லூஸ் ஒட்டில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை வந்தால்கூட 14 ஆம்பியரில் அந்த ஒரே புள்ளியில் 20 வாட் சூடு. டி.வி. மெக்கானிக் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயன் 25 வாட்தான். அதை விடிய விடிய ஓலைப் பந்தல் மேல் சாய்த்து வைத்த கதையாகிவிடும்.

எர்த் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காரோடு வரும் சார்ஜர் எர்த் இருக்கிறதா என்று தானே பார்க்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். கோவில் பிளக்குகளில் இது அடிக்கடி நடக்கும். மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. கம்பி இருந்தாலும் அது போய் முடிகிற குழியில் பங்குனி வெயிலுக்கு ஈரம் இருக்காது. தாமிரபரணிக் கரை வயற்காட்டில் கம்பியைச் சும்மா அடித்தாலே எர்த் ஓரளவு கிடைக்கும். திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துத் தேரியில் இருக்கும் சாஸ்தா கோவில் என்றால் அந்தக் காய்ந்த செம்மணலில் எட்டடிக் குழாய் இறக்கினாலும் எர்த் பிடிப்பது கஷ்டம். ஜெனரேட்டரில் மாட்டினாலும் சார்ஜர் மறுப்பது இதே காரணத்தால்தான். வாடகை ஜெனரேட்டரில் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, எர்த்தோடு சேராமல் தொங்கும். (சின்ன ஜெனரேட்டர் லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் கொடுத்தால் அதிகம். எலக்ட்ரிக் காருக்காகப் பத்து லிட்டர் டீசல் எரிப்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.)

சிவப்பு விளக்கு எரிந்ததும் கூட்டத்தில் ஒரு ‘விவரமானவர்’ வருவார். பிளக் டாப்பைக் கழற்றி, நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைப்பார். விளக்கு பச்சையாகிவிடும், சார்ஜும் ஏறும். தயவுசெய்து அவரைத் தடுத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்தத் துண்டுக் கம்பி இருக்கும்போது, வரும் வழியில் எங்கேனும் நியூட்ரல் விட்டுப்போனால், அல்லது திருவிழா அவசரத்தில் பேஸையும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலையும் யாராவது மாற்றி முடிந்திருந்தால், 230 வோல்ட் நேராகக் காரின் உடம்புக்கு வந்து நிற்கும். வாய்க்காலில் குளித்துவிட்டு ஈரக்காலோடு டிக்கியைத் திறக்கப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளைதான். சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்தில் சார்ஜ் இல்லை. அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சார்ஜர் பெட்டிக்குள் இருக்கும் கசிவுப் பாதுகாப்பு, பெட்டியிலிருந்து கார் வரைக்கும்தான். பெட்டிக்கு முன்னால் சுவர் வரை கிடக்கும் உங்கள் 30 மீட்டர் வயரை அது கவனிக்காது. அந்த வயரை ஒரு கிடா மிதித்தாலும், பொங்கல் அடுப்புத் தீ பட்டாலும் காப்பாற்ற ஆள் இல்லை. சுவர்ப் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச், ஒன்று இருந்தாக வேண்டும். கோவில் போர்டில் இருக்க வாய்ப்பு குறைவு. இன்னமும் பீஸ் கட்டைதான் இருக்கும். அதிலும் பீஸ் வயருக்குப் பதில் தடித்த தாமிரக் கம்பி சுற்றியிருக்கும். ஊரிலேயே ஓர் எலக்ட்ரீசியனிடம் சொல்லி, ஆர்.சி.சி.பி.யும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் சேர்ந்த சிறு பெட்டியை வயரின் தலைப்பில் பொருத்தி எடுத்து வாருங்கள். எக்ஸ்டென்ஷன் வயரே போடாதே என்றுதான் கார் கையேடுகள் பொதுவாகச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை ஒருமுறை படியுங்கள். அதை மீறுவது உங்கள் பொறுப்பில்தான்.

இத்தனையும் சரியாக இருந்தால், சார்ஜரிலோ கார் திரையிலோ ஆம்பியரைக் குறைக்க வழி இருக்கிறதா பாருங்கள். 8 ஆம்பியருக்கு இறக்க முடிந்தால் வயரிலும் பிளக்கிலும் பிறக்கும் சூடு மூன்றில் ஒரு பங்காகிவிடும். அப்படியும் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை பதினான்கு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். சார்ஜரில் வீணாவது போக 80 கிலோமீட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். களக்காட்டிலிருந்து நெல்லை போக இதுவே அதிகம். சாயங்காலம் ஏழிலிருந்து பத்துவரை மாட்டாதீர்கள். அந்த நேரத்தில் கிராமத்துக் கடைசி லைனில் வோல்டேஜ் அழுதுகொண்டிருக்கும். நீங்கள் மாட்டினால் வில்லுப்பாட்டுக்காரரின் மைக்கும் சேர்ந்து அழும்.

வயரை முழுக்க விரித்துப் போடுங்கள், மிச்சத்தைச் சுற்றி வைக்காதீர்கள். சார்ஜர் பிளக்கும் வயரின் சாக்கெட்டும் சேரும் இடம் தரையில் கிடக்கக் கூடாது. கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. ஒரு ஸ்டூலில் ஏற்றி, மேலே சரிவாக ஒரு மூடி, பக்கங்களில் காற்றோட்டம். பாலித்தீன் பை போட்டு இறுக்கிக் கட்டுகிறார்கள், அது வேண்டாம்: சூடும் வியர்வையும் உள்ளேயே நின்றுவிடும். மாட்டி இருபது நிமிஷத்தில் ஒருமுறை, ஒரு மணி நேரத்தில் ஒருமுறை சுவர்ப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. வெந்நீர்ச் செம்பைத் தொட்டதுபோல் கையை எடுக்கத் தோன்றினால் அன்றைக்குச் சார்ஜ் முடிந்தது. மல்ட்டிமீட்டர் வைத்திருந்தால் வயரின் கார்ப் பக்க முனையில் மாட்டும் முன்னும் பின்னும் வோல்டேஜைப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் வழியில் ஏதோ ஓர் இடம் காய்கிறது என்று அர்த்தம். நிறுத்தும்போது முதலில் காரில் நிறுத்தி, பிறகு சுவரில் சுவிட்சை அணைத்து, கடைசியாகப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஓடும்போதே பிடுங்கினால் பொறி பறந்து பிளக்கின் ஊசி கருகும். அடுத்த தடவை சூடு அங்கிருந்துதான் கிளம்பும்.

பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் மாட்டிக்கொள்ளச் சொல்லி யாராவது அன்பாகக் கூப்பிடலாம். அது விவசாயத்துக்கான இலவச மின்சாரம். அதில் காருக்குச் சார்ஜ் போடுவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி தப்பு, ஈ.பி.காரர்களிடம் பிடிபட்டால் அபராதம் தோட்டக்காரர் தலையில் விழும்.

உங்களோடு யாராவது எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் வந்தால் அவருக்கு இவ்வளவு கவலை இல்லை. அது இழுப்பது பொதுவாக மூன்று, நான்கு ஆம்பியர். ஒட்டில்லாத மூணு கோர் ஒன்றரை ஸ்கொயர் வயரும் உண்மையான எர்த்தும் இருந்தால் போதும்.

கோவில் நிர்வாகியிடம் முதல் நாளே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்; திருவிழாவுக்கென்று தற்காலிக இணைப்பு எடுத்திருந்தால் அதன் லோடு எவ்வளவு என்றும் கேளுங்கள். எத்தனை யூனிட் ஏறியது என்று கார் காட்டும். சார்ஜரில் வீணாவதற்கு அதோடு கொஞ்சம் சேர்த்துக் கணக்குப் போட்டு, பணத்தை வரிப்பணம் வாங்குகிறவர் கையில் கொடுங்கள். உண்டியலில் போட்டால் சாமிக்குப் போகும், ஈ.பி. பில் கட்டுகிறவருக்குப் போகாது.