விடிவதற்குள் முடியாத வழக்குகள்

கேள்வி: வெளிநாட்டுக் குற்றப் புலனாய்வுத் தொடர்களில், இழுவை இல்லாமல் ஒரே இரவில் பார்த்து முடித்துவிடக்கூடிய நல்ல தொடர்கள் சிலவற்றைச் சொல்லுங்களேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவில்பட்டி

பதில்: பெயரை மறைத்து ஊரை மட்டும் எழுதியிருப்பதால், சந்தேகத்துக்குரிய நபராவதற்கான முதல் தகுதியை நீங்கள் பெற்றுவிட்டீர்கள். ஆனால் என்னை நிறுத்திவைத்தது அதுவன்று. ‘ஒரே இரவில்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். நல்ல தொடர்கள் எவை என்று மட்டும் கேட்டிருந்தால், நான்கு பெயர்களை எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பேன். விடிவதற்குள் முடிய வேண்டும் என்று நிபந்தனை விதித்திருக்கிறீர்கள். விடிந்தால் என்ன ஆகிவிடும்? கொலையாளிக்கு ஜாமீன் கிடைத்துவிடுமா, அல்லது பிணம் எழுந்து வீட்டுக்குப் போய்விடுமா? கல்யாணப் பந்தியில் இலை போட்டவுடன் பீடா எங்கே என்று கேட்பவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கும் கோவில்பட்டிதானா என்று விசாரிக்க வேண்டும்.

உங்களைப் போலவே அவசரப்பட்ட ஒரு பெண்மணியிடமிருந்து தொடங்குகிறேன். டென்மார்க்கின் பொதுத்துறைத் தொலைக்காட்சியான டி.ஆர். 2007-இல் ஒளிபரப்பிய, ஆங்கிலத்தில் ‘தி கில்லிங்’ என்று அறியப்படும் தொடரின் நாயகி சாரா லுண்ட், கோபன்ஹேகன் காவல் துறையில் தன் கடைசி நாள் வேலையை முடித்துக்கொண்டு, மணந்துகொள்ளவிருக்கும் ஆணுடன் சுவீடனில் குடியேறத் தயாராக இருக்கிறார். அன்று பார்த்து, காணாமல் போன ஒரு மாணவியின் வழக்கு வந்து சேர்கிறது. ஒரு நாளில் முடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று லுண்ட் நினைக்கிறார். முதல் பருவத்தின் இருபது அத்தியாயங்களில் ஒவ்வொன்றும் அந்தப் புலனாய்வின் ஒரு நாள். இருபதாம் நாள் வருவதற்குள் சுவீடனும் போய்விடுகிறது, மாப்பிள்ளையும் போய்விடுகிறார்.

முதல் அத்தியாயத்தின் முடிவில், தண்ணீரிலிருந்து போலீசார் ஒரு காரை வெளியே இழுக்கிறார்கள். பெண்ணின் தகப்பன், மனைவியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே அந்த இடத்துக்கு வந்து சேர்கிறான். அவனை அருகே விடாமல் தடுக்கிறார்கள். மறுமுனையில் இருக்கும் தாய்க்கு யாரும் எதையும் சொல்வதில்லை. கணவனின் கதறல் மட்டும் கேட்கிறது, அதிலிருந்தே அவள் எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறாள். மற்றத் தொடர்களில் பிணத்தைப் பெற்ற குடும்பம் இரண்டு நிமிடம் அழுதுவிட்டுக் காணாமல் போய்விடும். இங்கே அந்தக் குடும்பம் இருபது அத்தியாயங்களிலும் நம்மோடு இருக்கிறது. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித்தரும் அந்தத் தகப்பனின் தொழிலும் நடந்தாக வேண்டியிருக்கிறது, இரண்டு சிறுவர்களுக்குச் சோறும் போட வேண்டியிருக்கிறது. இதைத்தான் நீங்கள் இழுவை என்பீர்கள் என்று அஞ்சுகிறேன்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பிடிக்காது. அந்த இருபது அத்தியாயங்களையும் டென்மார்க்குக்காரர்கள் ஒரேயடியாகப் பார்க்கவில்லை. ஜனவரியில் தொடங்கி, ஞாயிறுதோறும் ஒன்றாகப் பத்து அத்தியாயங்களைக் காட்டிவிட்டு, மீதிப் பத்தை அந்தத் தொலைக்காட்சி இலையுதிர் காலத்துக்கு ஒத்திவைத்தது. நடுவில் ஒரு கோடைக்காலம் முழுவதும் அந்த நாட்டு மக்கள், நகரசபை அரசியல்வாதியா, ஆசிரியரா, குடும்பத்துக்கு வேண்டியவரா என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தேகம் ஊறுவதற்கு அவகாசம் வேண்டும். அடுத்த அத்தியாயம் ஐந்து வினாடியில் தானாக ஓடத் தொடங்கும்போது, பார்ப்பவருக்குச் சந்தேகப்பட நேரமே இருப்பதில்லை, விடையை வாங்கிக்கொள்ள மட்டுமே நேரம் இருக்கிறது. இதே கதையை அமெரிக்காவில் 2011-இல் மறு ஆக்கம் செய்தவர்கள், முதல் பருவம் முடிந்தும் கொலையாளியைக் காட்டாமல் விட்டார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். நான் டென்மார்க்குக்காரர்கள் பக்கம்தான் என்றாலும், அந்த அமெரிக்கக் கோபத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு: முடிவைத் தள்ளிப்போடுவது வேறு, பதில் வரும் என்று நம்பவைத்துக் கையை விரிப்பது வேறு.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பவர்களோடு எனக்கு இந்தப் பக்கத்தில் நெடுநாள் வழக்கு உண்டு என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர், ‘தி வயர்’ தொடரின் நான்காம் அத்தியாயம் வரை பார்த்தும் ஒன்றுமே நடக்கவில்லை என்று எனக்கு எழுதியிருந்தார். அந்த நான்காம் அத்தியாயத்தில் என்னவெல்லாம் நடக்கிறது என்று சொல்கிறேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரக் காவல் துறையின் ஒரு பிரிவுக்குப் போதைமருந்துக் கும்பலைப் பிடிக்கும் பொறுப்பும், உட்காருவதற்கு ஒரு பாழடைந்த நிலவறையும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. வாசலில் ஒரு பெரிய மேசை சிக்கிக்கொண்டிருக்கிறது. காவலர்கள் வியர்க்க விறுவிறுக்கத் தள்ளுகிறார்கள். அது அசையவே இல்லை. கடைசியில்தான் தெரிகிறது, ஒரு பக்கத்தார் அதை உள்ளே தள்ளுகிறார்கள், மறுபக்கத்தார் வெளியே தள்ளுகிறார்கள். ஓர் அரசாங்கத் துறையைப் பற்றி ஒரு மேசையைக் கொண்டு இதைவிட யாரும் விளக்கமாகச் சொன்னதில்லை. அதே அத்தியாயத்தில், பழைய கொலை ஒன்று நடந்த காலி வீட்டுச் சமையலறையில் இரண்டு துப்பறிவாளர்கள் குண்டு எந்தத் திசையிலிருந்து பாய்ந்தது என்று அளந்து கண்டுபிடிக்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களும் அவர்கள் பேசுவது ஏறக்குறைய ஒரே ஒரு வசைச்சொல்லை மட்டுமே. வியப்பு, எரிச்சல், கண்டுகொண்ட மகிழ்ச்சி எல்லாம் அந்த ஒரே சொல்லில் வெவ்வேறு தொனியில் வருகின்றன. குடும்பப் பத்திரிகை என்பதால் அந்தச் சொல்லை அச்சிட இயலாது. ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் அந்தத் தொனிகள் ஒன்றும் தேறாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

‘தி வயர்’ தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோரில் செய்தியாளராக இருந்தவர். அவரோடு சேர்ந்து எழுதிய எட் பர்ன்ஸ் அதே நகரில் துப்பறிவாளராகவும் பின்பு பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். 2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்கள்: தெருமுனை வியாபாரம், துறைமுகம், நகர அரசியல், பள்ளிக்கூடம், பத்திரிகை அலுவலகம் என்று ஒரு நகரத்தையே சுற்றி வருகிறது. தலைப்பில் ‘வயர்’ என்று சொல்லப்படும் அந்தத் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு நீதிபதியின் அனுமதி வாங்கவே பாதிப் பருவம் போய்விடுகிறது. மொத்தம் அறுபது அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். உங்கள் இரவைத் துருவப் பகுதிக்கு மாற்றிக்கொண்டால் வசதியாக இருக்கும்.

அறுபது அத்தியாயங்கள் மலைப்பாக இருந்தால், பிரிட்டனில் சாலி வெயின்ரைட் எழுதிய ‘ஹேப்பி வேலி’யைப் பாருங்கள், மூன்று பருவங்களும் சேர்த்துப் பதினெட்டே அத்தியாயங்கள். ஆனால் அவற்றை எடுத்து முடிக்கவே கிட்டத்தட்டப் பத்தாண்டுகள் ஆயின. முதல் பருவம் 2014-இலும் இரண்டாவது 2016-இலும் வந்தபின், மூன்றாவது 2023-இல்தான் வந்தது. மேற்கு யார்க்‌ஷயரில் சீருடை அணிந்து ரோந்து போகும் சார்ஜன்ட் கேத்தரினின் பேரன், தன் தகப்பனான குற்றவாளியைப் பற்றித் தானே முடிவெடுக்கும் வயதை அடைய வேண்டியிருந்தது. வேறொரு பையனைப் போட்டு ஒப்பேற்றாமல், அதே சிறுவன் வளரட்டும் என்று காத்திருந்தார்கள். நடிகருக்கு ஒட்டுமீசை வைத்து வயதைக் கூட்டிவிடும் நம் தயாரிப்பாளர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படும்.

கொரியாவின் ‘சிக்னல்’ (2016) உங்களுக்கு உடனே பிடித்துவிடும். ஒரு பழைய வாக்கி-டாக்கி வழியாக இன்றைய காவலர் ஒருவரும் கடந்த காலத்துக் காவலர் ஒருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்பதால் அதில் வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதன் அடியில் ஓடுவது ஒரு சட்டச் சிக்கல்: குறிப்பிட்ட ஆண்டுகள் கடந்துவிட்டால் கொலைக்குக்கூட வழக்குத் தொடர முடியாது என்ற விதி, 2015-இல் நீக்கப்படும்வரை அங்கே இருந்தது. தொடரின் ஒரு வழக்குக்கு அடிப்படையானவை, ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த பெண்கள் கொலைகள். நிஜ வழக்கில் கொலையாளி யார் என்பது 2019-இல், டி.என்.ஏ. சோதனை வழியாகத்தான் தெரியவந்தது. அதற்குள் காலவரம்பு கடந்து போயிருந்தது. அவன் வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில்தான் இருந்தான். அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக நிரபராதி ஒருவர் சுமார் இருபது ஆண்டுகள் சிறையில் கழித்திருந்தார்; அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2020-இல்தான்.

டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் பாலத்தில், சரியாக எல்லைக்கோட்டின் மேல் ஓர் உடல் கிடக்கும் ‘தி பிரிட்ஜ்’ (2011) தொடரைச் சொல்லாமல் விட்டால் வேறு வாசகர்கள் என்னை விசாரணைக்கு இழுப்பார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, பின்பருவங்களில் கொலைகளின் ஜோடனை கொஞ்சம் அதிகம். அதில் டென்மார்க் அதிகாரியும் சுவீடன் அதிகாரியும் அவரவர் மொழியிலேயே பேசிச் சமாளிக்கிறார்கள். டப்பிங்கில் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே ஸ்டூடியோவில் ஒரே குரலில் பேசுவார்கள். டப்பிங்குக்கு வக்காலத்து வாங்கி எனக்கு மாதந்தோறும் எழுதும் சேலத்து வாசகர் இதற்கு என்ன சொல்வார் என்று பார்ப்போம்.

இவ்வளவுக்குப் பிறகும் நிபந்தனையைத் தளர்த்தமாட்டீர்கள் என்றால், ஜெர்மனிக்காரர்கள் ‘டாட்டோர்ட்’ என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். 1970 நவம்பரில் தொடங்கியது. ஞாயிறு இரவு எட்டேகாலுக்கு ஒளிபரப்பாகும். ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனிப் புலனாய்வுக் குழு. தொண்ணூறு நிமிடங்களில் பெரும்பாலும் கொலையும் நடந்து, கொலையாளியும் பிடிபட்டு, நீங்கள் பத்து மணிக்குள் படுத்துவிடலாம். இதுவரை 1,200 படங்களுக்கு மேல் வந்திருக்கின்றன. கண்ணை மூடாமல் தொடர்ந்து பார்த்தால் எழுபத்தைந்து நாட்கள் ஆகும்; அதற்குள் இன்னும் பத்து ஞாயிற்றுக்கிழமைகள் வந்து சேரும்.