பல வருடமாக வயலுக்கு மருந்து அடித்தவரின் உடம்பில் தங்கிய நஞ்சை ஆயுர்வேதம் எடுக்குமா?

உங்கள் அப்பா மட்டக்களப்பின் படுவான்கரையில் பல வருடமாக வேளாண்மைக்கு மருந்து அடிக்கிறார், இப்போது தலைச்சுற்று, கை நடுக்கம், பசியின்மை. உடம்பில் தேங்கிய நஞ்சை ஆயுர்வேத மருந்தால் எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பில் சித்த வைத்தியம் பார்க்கிறவள். எங்கள் வீட்டிலும் வயல் செய்கிறோம்.

முதலில் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். இதே குணங்கள் சீனி வருத்தத்திலும் பிரஷரிலும் வரும். போகும்போது அடித்த மருந்துகளின் பெயரைச் சொல்லுங்கள், போத்தல் இருந்தால் லேபலைக் கொண்டுபோங்கள். பென்தியோன், டைமெத்தோயேட், பரகுவாட் எல்லாம் இலங்கையில் 2008க்குப் பிறகு படிப்படியாக நிறுத்தப்பட்டவை. அப்பா முன்பு அவற்றை அடித்திருந்தால் அதையும் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

சரி, ஆயுர்வேதம் என்ன சொல்கிறது? பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையில், நஞ்சைப் பற்றிய கல்பஸ்தானம் என்ற பகுதியில், தூஷீவிஷம் என்று ஒன்று வருகிறது. வீரியம் குறைந்து, முழுதாக வெளியேறாமல், கபத்தால் மூடப்பட்டு வருடக்கணக்கில் உடம்பில் கிடக்கும் நஞ்சு அது. உடனே கொல்லாது. ஒவ்வாத உணவு, பகல் தூக்கம், மப்பும் மந்தாரமுமான நாள் என்று ஏதாவது வாய்த்தால் கிளம்பும். வயலில் வேலை செய்கிறவர்களின் சோர்வை நான் பார்க்கும்போது இந்த விவரிப்பு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஆனால் அதை அப்படியே வயலுக்கு அடிக்கும் மருந்துக்குப் பொருத்திவிட முடியாது. ஓகனோபொஸ்பேட் என்ற வகைப் பூச்சி மருந்தின் பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீரோடு போய்விடும். அது கெடுத்துவிட்டுப் போவது நரம்புக்கு வேண்டிய கோலினெஸ்தரேஸ் என்ற நொதியை. அந்த நொதி பழைய அளவுக்கு வர வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். அதற்குள் அறக்கொட்டியான் பூச்சி விழுந்துவிட்டது என்று திரும்பவும் அடித்தால், முன்பு தாங்கிய அளவையே இந்தமுறை உடம்பு தாங்காது. ஆகவே இந்த வகையில் தங்கி நிற்பது பெரும்பாலும் நஞ்சு அல்ல, அது செய்த சேதம். பேதிக்குக் கொடுத்து இதை வெளியே எடுக்க ஏதுமில்லை. நொதி மீளும்வரை மருந்துப் பக்கம் போகாமல் இருப்பதுதான் வைத்தியம்.

சுசுருதர் இன்னொன்றும் சொல்கிறார், எனக்கு அதுதான் பெரிது. அரசனுக்கு நஞ்சு வைக்கும் வழிகளைச் சொல்லும்போது சாப்பாட்டோடு நிற்காமல் பூசும் எண்ணெய், உடுப்பு, செருப்பு என்று அடுக்குகிறார். தோலால் நஞ்சு ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் வயல் வட்டைகளில் முகத்துக்குத் துணி கட்டுவதோடு சரி. ஒழுகும் மருந்து டாங்கியால் முதுகு நனைந்திருக்கும், அந்த நனைந்த உடுப்போடேயே வயல் வாடியில் இருந்து சோறு சாப்பிடுவார்கள், பிறகு அதை வீட்டுப் பெண்கள் மற்ற உடுப்போடு சேர்த்துத் துவைப்பார்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, பூட்ஸ், அடித்து முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பு, உடுப்பைத் தனியே துவைப்பது: எந்தச் சூரணத்தையும் விட இவை காக்கும். சிறுபோகத்தில் கச்சான் காற்று எழும்புமுன் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

நஞ்செடுக்கிறேன் என்று யாராவது ஈசுரமூலி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விஷமுறிவுக்குப் பேர்போன மூலிகைதான், ஆனால் அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசம், ஈயம் சேர்ந்த பஸ்பங்களும் வேண்டாம். மருந்து அடிக்கும்போதோ அடித்த பிறகோ எச்சில் ஊறி, வியர்த்து, கண்மணி சுருங்கி, மூச்சுத் திணறினால் வைத்தியர் வீடு தேடாமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அதற்கு அற்றோபின் ஊசி வேண்டும், அது என்னிடம் இல்லை. யாராவது மருந்தைக் குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதில் கலந்திருக்கும் கரைப்பான் நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து.

பரிசோதனை முடிந்த பிறகு பசிக்கும் நித்திரைக்கும் பத்தியத்துக்கும் எங்களிடம் வரலாம், தாராளமாக வாருங்கள். வருகிற போகத்துக்கு அப்பாவை டாங்கி தூக்க விடாதீர்கள். கூலிக்கு ஒரு தம்பியைப் பிடித்தால் அவருக்கும் கையுறையும் பூட்ஸும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.