24ஆம் நாள் நெகட்டிவ்: நம்பிக் கடலுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 31 வயசு, தூத்தூர் பக்கம். கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற போட்டில் வேலை. செப்டம்பர் 1 ராத்திரி அங்கே ஒரு பெண்ணோடு இருந்தேன், காண்டம் கிழிந்துவிட்டது. விடியக்காலம் போட் கிளம்பியாச்சு. கடலில் 12ஆம் நாள் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். கரைக்கு வந்ததும், அந்த ராத்திரியிலிருந்து 24ஆம் நாள், ஒரு லேபில் விரலில் குத்தி எச்.ஐ.வி. இருக்கா என்று பார்த்தார்கள், நெகட்டிவ். இன்னும் நாலு நாளில் திரும்பப் போகணும், வர ஒரு மாசம் ஆகும். வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். இந்த ரிசல்ட்டை நம்பலாமா?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். வெள்ளை அட்டையில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. கீழே 'நெகட்டிவ்' என்று பேனாவில் எழுதியிருக்கிறார்கள். எந்த கிட், எந்த வகைப் பரிசோதனை, ஒன்றும் இல்லை. அந்தக் கோடு பொய் சொல்லவில்லை. ஆனால் 24ஆம் நாளில் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

விரலில் குத்திப் பார்க்கும் அட்டைகளில் பெரும்பாலானவை கிருமியைத் தேடுவதில்லை. கிருமி வந்தால் நம் உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத்தான் தேடும். அது தெரிகிற அளவுக்கு ஊற 23 நாளிலிருந்து 90 நாள் வரை ஆகும். சிலருக்கு சீக்கிரம், சிலருக்குத் தாமதம். ஆக 24ஆம் நாள் நெகட்டிவ் என்றால் 'இன்றைக்கு ஆன்டிபாடி தென்படவில்லை' என்பது மட்டும்தான்.

நான்காம் தலைமுறை எலிசா என்று ஒன்று இருக்கிறது. கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் மெஷினில் பார்ப்பது. இது ஆன்டிபாடியோடு சேர்த்து, கிருமியின் உடம்பிலேயே உள்ள பி24 என்ற புரதத்தையும் (இதைத்தான் ஆன்டிஜன் என்பார்கள்) தேடும். அதனால் 18 நாளிலிருந்தே பிடிக்க ஆரம்பித்து, 45 நாளுக்குள் கிட்டத்தட்ட எல்லோரையும் பிடித்துவிடும். கிருமியின் மரபுப் பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை இன்னும் முந்தி, 10 முதல் 33 நாளில் காட்டும். செலவு அதிகம். உங்களுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

இனி உங்கள் நாட்காட்டிக்கு வருவோம். செப்டம்பர் 1ஐப் பூஜ்யம் என்று வையுங்கள். 45ஆம் நாள் அக்டோபர் 16. அப்போது நீங்கள் கடலில் இருப்பீர்கள், பரவாயில்லை. அக்டோபர் கடைசியில் கரையேறியதும் வீட்டுக்குப் போகும் முன் நான்காம் தலைமுறை எலிசா ஒன்று எடுங்கள். கேட்கும்போது 'எச்.ஐ.வி. டெஸ்ட்' என்று மட்டும் சொல்லாதீர்கள், பி24 ஆன்டிஜனும் சேர்ந்ததா என்று கேளுங்கள். அது நெகட்டிவ் என்றால் என் மனசில் கேள்வி முடிந்தது. அரசு மையங்களில் மூன்று மாதக் கணக்கு வைத்து இன்னொரு தடவை வரச்சொல்வார்கள். 90ஆம் நாள் நவம்பர் 30. கோட்டாறு சவேரியார் திருவிழா நடக்கிற சமயம், நாள் மறக்காது. டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறையாக இருக்கும், அதைத் தவிர்த்துப் போங்கள்.

அந்தக் காய்ச்சல்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது, தெரிகிறது. எச்.ஐ.வி.யின் ஆரம்பக் காய்ச்சல் இரண்டு முதல் நாலு வாரத்தில் வருவதுண்டு. ஆனால் கடலில் மழையில் நனைந்து, ஐஸ் அறையில் ஏறி இறங்கி, நாலு மணி நேரம் தூங்குகிறவனுக்குக் காய்ச்சல் வர நூறு காரணம். காய்ச்சலை வைத்து யாரும், டாக்டர் உட்பட, எச்.ஐ.வி. என்று சொல்ல முடியாது. ஒன்று செய்யலாம். போட் கிளம்புவதற்கு முன்னாலேயே ஒரு நான்காம் தலைமுறை எலிசா எடுத்துவிடுங்கள். அந்தக் காய்ச்சல் எச்.ஐ.வி.யால் வந்திருந்தால் பி24 பெரும்பாலும் இந்நேரம் தென்பட்டிருக்கும். இது முடிவான ரிசல்ட் இல்லை, கடலில் ஒரு மாசம் மனசு ஆற ஒரு ஆதாரம். இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்குக் கிருமி இருந்திருந்தால்கூட, இப்படி ஒரு முறையில் ஆணுக்குத் தொற்ற வாய்ப்பு பத்தாயிரத்தில் ஏறக்குறைய நாலு.

முடிவு தெரியும்வரை மனைவியோடு காண்டம் கட்டாயம். என்ன காரணம் சொல்வது என்று கேட்பீர்கள், அது உங்கள் பாடு. சொல்லிவிடுவது நல்லது என்பேன். போட்டில் ஒரே சட்டியில் சாப்பிடுவதாலோ பக்கத்தில் படுப்பதாலோ யாருக்கும் எதுவும் ஆகாது. சவரம் பண்ணும் பிளேடை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் இலவசம். குழித்துறையில் தெரிந்தவர் கண்ணில் படுவோம் என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். கொச்சியிலேயே பார்ப்பதானால் அங்கே இதே மையத்தை 'ஜோதிஸ்' என்று கேட்க வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் ரிசல்ட்டை வெளியே சொல்ல 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. சந்தேகம் வந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. பால்வினை நோய்க்கான சுகவாழ்வு மையத்தில் சிபிலிஸுக்கும் பார்த்துவிடுங்கள். மஞ்சள் காமாலை பி-க்கும் ஒரு பரிசோதனை கேளுங்கள். எச்.ஐ.வி. பயத்தில் இந்த இரண்டையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். ரிசல்ட்டைத் தெரிந்துகொள்ளலாம் என்று யாரும் ரத்ததான முகாமுக்குப் போய்ப் படுக்காதீர்கள். இந்த இடைவெளி நாட்களில் பரிசோதனைக்குச் சிக்காத ரத்தம் இன்னொருவர் உடம்பில் ஏறக்கூடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சம்பவம் நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் டெஸ்ட் தேதியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள், ராத்திரி என்றாலும் சரி. தொற்றைத் தடுக்கும் மாத்திரை 28 நாள் தருவார்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். அதைச் சாப்பிட்டவர்கள் 45 நாள் கணக்கைக் கடைசி மாத்திரையிலிருந்துதான் எண்ண வேண்டும். தம்பி, உங்களுக்கு அந்த நேரம் கடலில் போய்விட்டது. அதை நினைத்துப் புலம்பி என்ன ஆகப்போகிறது.

எப்போதாவது ரிசல்ட் பாசிட்டிவ் என்று வந்தால் அந்த ஒரு சீட்டோடு இடிந்து உட்காராதீர்கள். வெவ்வேறு மூன்று கிட்டில் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் நம் நாட்டில் உறுதி செய்வார்கள்.

அப்புறம், மீன் சீக்கிரம் கிடைத்து அக்டோபர் 10க்கே கரையேறிவிட்டால் அன்றைக்கே லேபுக்கு ஓட வேண்டாம். 16 தாண்டட்டும்.