‘விக்கிட் லிட்டில் லெட்டர்ஸ்’ (Wicked Little Letters) படத்தை விமர்சகர்கள் ஏன் அரைமனதாகப் பாராட்டினார்கள்? பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். பிள்ளைகளையும் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மட்டும் வேண்டாம், காது கூசும்.

2024 பிப்ரவரியில் பிரிட்டனில் வெளியான படம். இயக்கம் தியா ஷாராக். 1920-களில் லிட்டில்ஹாம்டன் என்ற கடலோர ஊரில் நடந்த உண்மை வழக்குதான் கதை. ஈடித் ஸ்வான் என்ற பக்திப்பழத்துக்கு மொட்டைக் கடிதங்கள் வருகின்றன, எல்லாம் பச்சைப் பச்சையான வசவு. பக்கத்து வீட்டு ரோஸ் கூடிங்குக்கு வாய் அதிகம் என்பதால் பழி அவள்மேல் விழுகிறது.

விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அது மதிப்பெண் இல்லை. நூறு பேரில் எண்பது பேர் வெறுமனே ‘பரவாயில்லை’ என்று எழுதினாலும் அதே எண்தான் வரும். இந்தப் படத்துக்கு ஏறக்குறைய அதுதான் நடந்தது. ஈடித்தாக வரும் ஒலிவியா கோல்மன், ரோஸாக வரும் ஜெஸ்ஸி பக்லி இருவரையும் மெச்சினார்கள். குறை சொன்னவர்கள் சொன்னது முக்கியமாக இரண்டு: எழுதியது யார் என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது, கெட்டவார்த்தையை வைத்தே சிரிக்க வைப்பது போகப்போகச் சலிக்கிறது.

இரண்டாவது நியாயம்தான். முதலாவதை நான் ஏற்க மாட்டேன். (இனி கதை உடையும், பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்.) எழுதுவது ஈடித்தேதான். யார் என்பதைவிட ஏன் என்பதில்தான் படம் இருக்கிறது. டிமதி ஸ்பால் நடித்த அப்பா, வளர்ந்த மகளைத் தண்டனையாக பைபிள் வசனம் எழுத வைக்கிறார். அந்த வீட்டில் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. கடைசியில் அப்பாவைப் பார்த்து வாய்விட்டுத் திட்டித் தீர்க்கும்போது கோல்மன் முகத்தில் வரும் நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே டிக்கெட் காசு கொடுக்கலாம்.

துப்பு துலக்கும் பெண் போலீஸ் கிளாடிஸ் மாஸாக வருபவர் அஞ்சனா வாசன். சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர். மேடை நடிப்புக்காக 2023-ல் ஒலிவியர் விருது வாங்கியவர். அந்தக் கால இங்கிலாந்தில் இந்திய முகத்தோடு பெண் போலீஸா என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது உறுத்தவே இல்லை. மேலதிகாரிகள் மட்டம் தட்டும்போதெல்லாம் கண்ணை மட்டும் அகல விரித்து அவர் விழுங்கிக்கொள்வது அத்தனை சிரிப்பு.

எனக்கு உள்ள குறை வேறு. (இங்கேயும் கதை உடையும்.) நிஜத்தில் ரோஸ் செய்யாத குற்றத்துக்கு இரண்டு முறை சிறைக்குப் போனாள். ஈடித் கடிதத்தை வீசும்போது கிளாடிஸ் மாஸ் மறைந்திருந்து பார்த்தும்கூட 1921-ல் நீதிமன்றம் ஈடித்தை விடுதலை செய்தது. இத்தனை மரியாதையான பெண் இப்படி எழுதுவாளா என்ற நம்பிக்கை! கண்ணுக்குத் தெரியாத மையால் அடையாளமிட்ட தபால்தலையை அவளுக்கு விற்று, அதை வைத்து 1923-ல்தான் தண்டனை வாங்கிக் கொடுக்க முடிந்தது. இவ்வளவு கசப்பையும் படம் சர்க்கரை தூவிச் சீக்கிரமாக முடித்துவிடுகிறது.