ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் குண்டைத் தள்ளுவது வெறும் காற்றுதானா?

"ஸ்பிரிங் காற்றைத்தானே அழுத்துகிறது, உள்ளே எண்ணெய் எரிகிறது என்று ஏன் சொல்கிறார்கள்?" என்பது கேள்வி. இந்தப் பேச்சுக்குப் பெரிதும் காரணம் இங்கிலாந்தின் கார்டியூ என்ற தந்தையும் மகனும். 1970-களில் அவர்கள் செய்த சோதனை எளிமையானது: ரைஃபிளை நைட்ரஜனுக்குள் வைத்துச் சுட்டார்கள். நைட்ரஜனில் எண்ணெய் எரியாது. குண்டின் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது!

விஷயம் இதுதான். ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் சட்டென்று பாயும்போது காற்றின் வெப்பம் வெளியேற நேரமில்லை. சில நூறு டிகிரிக்குச் சூடேறுகிறது. டீசல் எஞ்சின் மாதிரி, அங்கிருக்கும் துளி எண்ணெய் எரிந்து கூடுதல் அழுத்தம் தருகிறது. ஊதுகுழல், கார்க் துப்பாக்கி (இரண்டிலும் காற்று மட்டுமே தள்ளும்), எரிதல், வெடிப்பு என்று கார்டியூக்கள் சுடுதலைப் பிரித்த நான்கு நிலைகளை இன்றும் பலர் சொல்கிறார்கள். சாதாரணச் சுடுதலில் எரிதலின் பங்கு எவ்வளவு என்பதில் மட்டும் வாதம் ஓயவில்லை. என் பார்வையில், விடையைவிடச் சோதனை முறைதான் பெரிய சொத்து.

அப்புறம், வேகம் கூடும் என்று எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். அது வெடிப்பு நிலைக்குப் போனால் ஸ்பிரிங்கும், காற்று கசியாமல் தடுக்கும் சீலும் போய்விடும்.