வாசகர் கேள்வி: இருவகைக் கதைகளுக்கும் ஒரே பெயரா?

கேள்வி: சிறுவர் படக்கதைகளையும் பெரியவர்களுக்கான குற்றப் புதினங்களையும் பதிப்பகத்தின் துணையின்றி நானே வெளியிடுகிறேன். இரண்டுக்கும் ஒரே பெயரைப் பயன்படுத்தலாமா?

பதில்: புதினங்களில் வன்முறை மிகுந்திருந்தால் அவற்றுக்கு வேறு புனைபெயரே நல்லது, ஏனெனில் இணையக் கடைகள் ஒரே பெயரிலுள்ள நூல்களை ஓரிடத்தில் அடுக்கிக் காட்டுவதால், முயல் கதையைத் தேடி வரும் குழந்தையின் கண்ணில் இரத்தம் தோய்ந்த அட்டையும் படக்கூடும். இல்லையெனில் ஒரே பெயர் போதும், இரு பெயர்களுக்கும் தனித்தனியே வாசகர்களைத் திரட்டுவது தனியாளுக்குப் பெருஞ்சுமை (எழுதுவதற்கும் நேரம் வேண்டுமே!). பெயர் எதுவாயினும், நூலை அடையாளம் காட்டும் 13 இலக்க எண்ணான ஐஎஸ்பிஎன்னைப் பெறும்போது கெட்டி அட்டை, மெல்லட்டை, மின்னூல் ஆகிய ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண் தேவை. படக்கதைக்கு வழக்கமான 32 பக்க அளவையே கடைப்பிடியுங்கள். ஆஃப்செட் அச்சுத்தாள்கள் பெரும்பாலும் 8 அல்லது 16 பக்கங்களாக மடிக்கப்படுவதால், அதற்கு மேல் ஒரு பக்கம் நீண்டாலும் செலவு கூடும்.